நேசையா நாலு தடவை வெட்டிய கதவு

நேசையாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வயிறுதான் எரியும். ஆனாலும் சொல்கிறேன். சொல்ல என்னைவிட்டால் தச்சநல்லூரில் வேறு ஆள் கிடையாது. பதினாறு வருஷமாக ஒரே தகரக் கொட்டகையில் அந்தப் பக்கம் அவன் கார்களுக்குத் தகரம் வெட்டி, தட்டி நிமிர்த்துகிற டிங்கர் வேலை பார்க்கிறான், இந்தப் பக்கம் நான் பெயிண்ட் அடிக்கிறேன். பொறாமைப்படுகிறவன் பார்க்கிற அளவுக்குக் கட்டின பெண்டாட்டிகூட ஒரு மனுஷனைக் கவனித்துப் பார்த்திருக்க மாட்டாள்.

என் பெயர் மகாராஜா. உடம்பெல்லாம் பெயிண்ட் அப்பிய லுங்கிக்காரன் இந்தப் பெயரைச் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும், சிரித்துக்கொள்ளுங்கள். நேசையாவுக்கு என்னைவிட நாலு வயசு கூட. நேரில் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன், மனசுக்குள் அவன் இவன்தான். அவன் என்னை "லே" என்பான். அதுவும் எனக்கு ஆகாது.

நாசரேத்துப் பக்கத்துக்காரன். பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் சின்ன வயசிலேயே சேர்ந்து தகரம் பழகியவன். வெல்டிங் பொறி பட்டு இரண்டு முழங்கையிலும் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெண்டாட்டி பாக்கியவதியைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து வேதக் கோயிலுக்குப் போவான். மற்ற ஆறு நாளும் கொட்டகைதான். அந்தப் பாக்கியவதி கொடுத்துவிடுகிற மீன்குழம்பில் பாதியை என் தட்டில் ஊற்றுவான். நன்றாக வேறு இருக்கும், சவம்.

துருப்பிடித்த காருக்கு ஊரில் பாதிப் பேர் பார்க்கிற வைத்தியம் என்னவென்று எனக்குத் தெரியும். துருவை மேலாக்கச் சுரண்டி, அதன்மேல் பட்டி பூசி, எமரித் தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்டை அடித்துவிட்டால் ஆறு மாசத்துக்குப் பளபளவென்று இருக்கும். ஏழாவது மாசம் உள்ளேயிருந்து பொரிந்துகொண்டு வரும். நேசையாவுக்கு அந்த வேலை ஆகாது. தகரத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவான். எங்கே சத்தம் மாறுகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுவான். அந்தக் கோட்டுக்கு வெளியே இன்னும் ஓர் அங்குலம் நல்ல தகரத்தையும் சேர்த்து வெட்டி எடுப்பான். அதே கனத்தில் புதுத் தகரம் வெட்டி, வளைத்து, கேஸ் வெல்டிங் வைத்து, பின்னால் இரும்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சுத்தியலால் பையப் பையத் தட்டுவான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவான். இருக்கிற மேடு பள்ளம் அவன் கைக்குத் தெரிந்துவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டி பூசுவது யார் வேலை? பெயிண்டர் வேலை, என் வேலை. என் பட்டித் தகட்டுக்குக் கைவேலையே மிச்சம் வைக்க மாட்டான் அந்த மனுஷன். வண்டி எடுக்க வருகிறவர்கள் நான் மூன்று கோட் அடித்து மெருகு ஏற்றி வைத்திருக்கிற மட்கார்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "நேசையா அடிச்ச தகரத்துக்குப் பெயிண்டே வேண்டாம்வே" என்பார்கள். என் காதுபடச் சொல்வார்கள். வீட்டுக்குப் போனால் என் பெண்டாட்டி இசக்கிச்செல்வி, "நேசையா அண்ணன மாதிரி பொறுமையா இருங்களேன்" என்பாள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

தொண்ணூற்றைந்து ஆடி மாசம் அந்த ஆஸ்டின் கார் வந்தது. டவுண் தெற்கு ரத வீதியில் தாணுமாலையன் என்று ரிட்டயர்டு என்ஜினீயர் ஒருவர். பொதுப்பணித் துறையில் இருந்தவர், பூர்வீகமாக நிலபுலன் இருந்த குடும்பம். கார் அவருடைய மாமனார் ஐம்பத்தொன்றில் வாங்கியது. இருபது வருஷமாகக் கொட்டடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்ததை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்னை மாப்பிள்ளை அழைச்சது இந்தக் கார்லதான் வே" என்றார். "வர்ற தை மாசம் எம்பொண்ணு சுப்ரஜாவுக்குக் கல்யாணம். நாங்குநேரி மாப்பிள்ளை. அவரையும் இதுலதான் அழைக்கணும்னு என் வீட்டுக்காரி ஒத்தக்கால்ல நிக்கா. முடியுமா, சொல்லும்."

நேசையா கதவைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினான். உள்ளே துரு சலசலவென்று கொட்டியது. கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிவதற்கு ஓட்டை விட்டிருப்பார்கள். அதில் மண்ணும் சருகும் அடைத்துக்கொண்டு, தேங்கின தண்ணீர் நாலு கதவையும் கீழே அரை அடிக்குத் தின்றிருந்தது.

"முடியும் அய்யா. வெட்டித்தான் ஆவணும்" என்றான்.

என்ஜினை ஒரு மெக்கானிக் வந்து ஓடவைத்தார். நேசையா ஒன்றரை மாசம் வெட்டினான், ஒட்டினான், தட்டினான். நான் மேலே கிரீமும் கீழே அரக்குமாக இரண்டு நிறம் அடித்தேன். வாழ்நாளில் நான் அடித்ததிலேயே அதுதான் உசத்தி. ஒரு தூசு இல்லை, ஒரு வடிசல் இல்லை. ஆவணி கடைசியில் தாணுமாலையன் ஒரு கிலோ அல்வாவோடு வந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், கண் கலங்கினார், நேரே போய் நேசையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அல்வாப் பொட்டலமும் அந்தக் கைக்குத்தான் போனது. என்னைப் பார்த்து, "நீரும் நல்லாப் பண்ணிருக்கீரு" என்றார். நீரும்! அந்த 'உம்' இன்றைக்கும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

நேசையா பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தான். வேண்டாம், சுகர் இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

ஐப்பசி மழையில் கார் திரும்பி வந்தது. பின்னால் இடப்பக்கக் கதவின் அடியில் அரக்குப் பெயிண்ட் கொப்புளித்து, நகத்தால் குத்தினால் உள்ளே செம்பொடி. தாணுமாலையன் கோபப்படவில்லை. "என்னவே இது, ரெண்டே மாசத்துல?" என்று மட்டும் கேட்டார். நேசையாவின் முகம் செத்துவிட்டது.

"எங்கேயோ ஊசிமுனைக்கு ஓட்டை விட்டிருக்கேன் அய்யா. என் தப்பு" என்றான்.

ஆகா! எனக்கு உள்ளே எப்படிக் குளிர்ந்தது தெரியுமா? அத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து 'என் தப்பு' என்று அன்றைக்குத்தான் கேட்டேன். எதிரே இருக்கிற இசக்கியம்மா டீக்கடையில் போய் இரண்டு வடை கூடுதலாகத் தின்றேன்.

எங்கள் கொட்டகையில் ஒரு முறை உண்டு. வண்டி வந்ததும் கண்ணாடி, ரப்பர், கதவின் உள்பக்கம் ரெக்ஸின் ஒட்டி மூடியிருக்கிற டோர் பேட், இதையெல்லாம் கழற்றுவது பெயிண்டர். வேலை முடிந்து மாட்டுவதும் பெயிண்டர். மொட்டைக் கதவாகத்தான் டிங்கர் கைக்குப் போகும். அன்றைக்கு நேசையா வெல்டிங்குக்கு கேஸ் எடுக்க வண்ணார்பேட்டைக்குப் போயிருந்தான். நான் டோர் பேடைக் கழற்றினேன். கதவின் வயிற்றுக்குள், அடியில், ஒரு சிவப்புத் துணி முடிச்சு கிடந்தது. ஈரமாக இருந்தது. பிரித்தேன். கல் உப்பு, ஒரு கைப்பிடி. கூட ஏழு மிளகாய் வற்றல், ஒரு துண்டு படிகாரம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கண்ணேறு கழிக்கிற உப்பு. புதுப் பெயிண்டோடு டவுணுக்குள் ஆஸ்டின் ஓடினால் தேரடியில் நிற்கிற அத்தனை பேரும் பார்ப்பார்களே! வீட்டம்மா பிரம்மநாயகி பின்சீட்டில் இடப்பக்கம்தான் உட்காருவார். வீட்டுக்காரர் கேலி செய்வார் என்று அவர் கண்ணில் படாமல், டோர் பேட் இடுக்கு வழியாக உள்ளே போட்டிருக்கிறார். அடைமழைக்காலத்தில் கல் உப்பு சும்மா இருக்குமா? காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்து, கசிந்து, தகரத்தை அரித்துவிட்டது.

எனக்குத் தெரியாமல் இல்லை. புன்னக்காயலில் இருந்து மீன் ஏற்றுகிற ஜீப் ஒன்று வருஷா வருஷம் எங்களிடம்தான் வரும். கடல் உப்பு தகரத்தை என்ன செய்யும் என்று நேசையாவே எனக்குக் காட்டியிருக்கிறான். அவன் வந்ததும், "அண்ணாச்சி, இங்கன பாரும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அவன் பெயர் தப்பியிருக்கும், காரும் தப்பியிருக்கும்.

நான் சொல்லவில்லை. முடிச்சை எடுத்து என் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவன் வெட்டி, ஒட்டி, நான் பெயிண்ட் அடித்து முடித்ததும், டோர் பேடை மாட்டுவதற்கு முன்னால் அந்த முடிச்சை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். அவர்கள் வீட்டு நேர்த்தி, எடுத்துப் போட்டால் பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவன் இன்னொரு தடவை 'என் தப்பு' என்று சொல்வதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

கார்த்திகை கடைசியில் மறுபடி வந்தது. இந்தத் தடவை பின்கதவு இரண்டும். இரண்டையும் நான்தான் கழற்றினேன், இரண்டிலும் முடிச்சு இருந்தது. பெரிய முடிச்சு. அந்த அம்மாளின் கணக்கு எனக்குப் புரிந்தது. ஒரு பிடி உப்பு வைத்தும் கார் கெட்டுப்போகிறது என்றால் கண்ணேறு பலமாக இருக்கிறது, இரண்டு பிடியாக வைப்போம். அய்யோ, அம்மா! கதவின் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. நேசையா பார்த்துவிடக்கூடாதே என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் கதவை அவனிடம் கொடுத்தேன்.

ஆனாலும் அவன் சும்மா இல்லை. துருவில் ஒரு பொருக்கைப் பெயர்த்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான். புன்னக்காயல் ஜீப்புக்கு இப்படித்தான் செய்வான். அவன் புருவம் சுருங்கியது.

"லே, உப்புக் கரிக்குது."

நான் எமரித் தாளை எடுத்துக்கொண்டே சொன்னேன். "கை வேர்வையா இருக்கும் அண்ணாச்சி."

அவன் கேட்கவில்லை. தாணுமாலையனிடம் போய், "அய்யா, கார் திருச்செந்தூர்ப் பக்கம் ஏதும் போச்சா?" என்று கேட்டான்.

"டவுணத் தாண்டலவே. பெட்ரோல் பங்குக்குப் போனதோட சரி."

"அப்போ கழுவுத தண்ணிதான்" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெற்கு ரத வீதிக்கே போனான். அவர் வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்த்தான். ஆற்றுத்தண்ணீர் ஊற்று, கல்கண்டு மாதிரி இருந்தது என்று வந்து சொன்னான். மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. பாக்கியவதியின் மீன்குழம்பு முழுவதும் என் தட்டில் விழுந்தது. நான் தின்றேன்.

ஒரு மனுஷன் பெயர் கெட்டுப்போவது நம் ஊரில் எவ்வளவு வேகம் என்று அப்போதுதான் பார்த்தேன். "நேசையாவுக்குக் கை விழுந்துட்டு" என்று பக்கத்து லேத்துக்காரன் சொன்னான். பாளையங்கோட்டையில் இருந்து வந்துகொண்டிருந்த டாக்டரின் பியட் கார் வேறு பட்டறைக்குப் போனது. இசக்கியம்மா டீக்கடையில் ஒருவர், "பெயிண்ட் வேலைல குத்தமில்ல, தகரம்தான்" என்றார். நான் பிறந்ததிலிருந்து காத்திருந்த வார்த்தை அது. இனித்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இனிக்கத்தான் செய்தது. டீயைக் குடித்துவிட்டு வந்து, இரண்டு முடிச்சுகளையும் பழைய இடத்திலேயே வைத்து டோர் பேடை மாட்டினேன்.

மார்கழி கடைசியில் மூன்றாம் தடவையாக வந்தது. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள். தாணுமாலையன் இந்தத் தடவை டிரைவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். பதினைந்து நாளைக்குள் சரியாகாவிட்டால் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் காருக்குச் சொல்லிவிடுவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார்.

நேசையா அந்தக் கதவின் அடியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். "இன்னும் ஒரு தடவை வெட்டிப் பாக்கேன். இதுக்குப் பொறவும் பூத்துதுன்னா சுத்தியலைக் கீழ வச்சிட்டு ஊருக்குப் போயிருதேன் லே. கை செத்தவன் அடுத்தவன் காரைத் தொடப்புடாது" என்றான்.

அவன் போனால் கொட்டகை முழுக்க எனக்கு. நினைத்துப் பார்த்தேன். பக்கென்று இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வரும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் வாயைத் திறந்தேன். எப்படிச் சொல்வது? இரண்டு தடவை என் கையாலேயே வைத்தேன் என்றா?

மறுநாள் காலையில், நான் இன்னும் டோர் பேடைக்கூடக் கழற்றவில்லை, நேசையா உளியைத் தீட்டிக்கொண்டிருக்கிறான், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தாணுமாலையனும் பிரம்மநாயகி அம்மாளும் இறங்கினார்கள். அம்மாள் கையில் வெற்றிலை பாக்கு வைத்த வெள்ளித்தட்டு, தட்டில் கல்யாணப் பத்திரிகை. எத்தனை கோபம் இருந்தாலும் வேலை செய்கிறவர்களை நேரில் வந்து அழைக்கிற குடும்பம். முதல் பத்திரிகையை நேசையாவிடம் கொடுத்தார்கள். அதிலும் அவன்தான் முதல்.

எனக்குக் கொடுக்க வந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

"தம்பி, உங்களுக்குத்தான் நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்கும்மா?"

"கதவுக்குள்ள கண்ணூறுக்கு உப்பு முடிஞ்சு போட்டிருந்தேன். பட்டறையில எவனாவது தூக்கிப் போட்டுருவானோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கார் வீட்டுக்கு வந்ததும் கைய விட்டுப் பாத்தா, ரெண்டு தடவையும் வச்சது வச்ச இடத்துல பத்திரமா இருக்கு. மாட்டுதது நீங்கதான்னு டிரைவர் சொன்னான். இந்தக் காலத்துல யாரு இம்புட்டு மதிப்பா நடக்கா?" என்று சொல்லி, கைப்பையிலிருந்து ஐந்து சிவப்பு முடிச்சுகளை எடுத்தார். "நாலு கதவுக்கும் டிக்கிக்கும். உங்க கையாலயே வச்சிருங்க."

பதினாறு வருஷத்தில் அந்தக் கொட்டகையில் என்னை ஒருவர் மனசாரப் பாராட்டியது அன்றைக்கு ஒரு தடவைதான்.

உளி தீட்டுகிற சத்தம் நின்றது. நேசையா எழுந்து வந்தான். அம்மாள் கையிலிருந்து ஒரு முடிச்சை வாங்கினான். அவிழ்த்தான். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

தாணுமாலையன் என்ஜினீயர் அல்லவா? அவருக்கும் விளங்கிவிட்டது. "ஏட்டி, உப்பையா வச்சே? கார் கதவுக்குள்ள உப்பையா வச்சே?" என்று தலையில் அடித்துக்கொண்டார். உடனே என் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "என்னவே, ரெண்டு தடவை கண்ணால பாத்திருக்கீரு, எடுத்துத் திரும்ப வேற வச்சிருக்கீரு. அந்த மனுஷன் ஊர் ஊரா உப்பைத் தேடி, என் கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப் பாத்துட்டுப் போனாரு. நீரு ஒரு வார்த்தை சொல்லலியா?"

"அம்மா வீட்டு நேர்த்தி... எடுக்கப்புடாதுன்னு..." என்று இழுத்தேன்.

"அவனுக்குத் தெரியாது அய்யா" என்றான் நேசையா. சத்தம் போடாமல்தான் சொன்னான். "அவன் பெயிண்டர். பெயிண்டருக்குத் தகரத்தப் பத்தி என்ன தெரியும்?"

தாணுமாலையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

எனக்குத் தெரியும்! எனக்குத் தகரம் தெரியும், துரு தெரியும், உப்பு தெரியும், உன்னைப் போலவே எல்லாம் தெரியும் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்த முடியவில்லை. தெரியும் என்று சொன்னால் நான் அயோக்கியன், தெரியாது என்றால் மடையன். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு மடையனாகவே நின்றேன். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னானா, அத்தனை வருஷத்துக்கும் சேர்த்துக் கொடுத்தானா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நேசையா அம்மாளிடம் தன்மையாகச் சொன்னான். "அம்மா, சுத்திப் போடுங்க, தப்பில்ல. சுத்திட்டு வாசல்லயே கரைச்சு ஊத்திருங்க. காருக்குள்ள மட்டும் வேண்டாம்." ஐந்து முடிச்சையும் வாங்கி, கதவுக்குள் கிடந்த பழையதையும் எடுத்து, மூலையில் இருந்த தண்ணீர் வாளியில் போட்டான். கதவுகளை மூன்று நாள் நல்ல தண்ணீர் விட்டு விட்டுக் கழுவினான். அப்புறம்தான் வெட்டினான். நாலாவது தடவை. நான் பெயிண்ட் அடித்தேன்.

தை பதினாறு, மாப்பிள்ளை அழைப்பு. சாமி சன்னதியில் இருந்து மேளம் முன்னால் வர, பூச்சரம் சுற்றின ஆஸ்டின் பையப் பைய வந்தது. கேஸ் லைட் வெளிச்சத்தில் என் அரக்குப் பெயிண்டில் எல்லார் முகமும் தெரிந்தது. கூட்டத்தில் ஒருவர், "யாருவே டிங்கர்?" என்று கேட்டார். கேட்கத்தான் கேட்பார்கள். அந்தக் கதவு இன்றைக்கு வரைக்கும், மூன்று மழைக்காலம் தாண்டியும், பூக்கவில்லை.

நேசையா அதைப் பற்றி என்னிடம் அப்புறம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டவில்லை, கொட்டகையைப் பிரிக்கவில்லை. "லே" என்றுதான் கூப்பிடுகிறான். மீன்குழம்பில் பாதி இப்போதும் என் தட்டில்தான் விழுகிறது. டாக்டரின் பியட் திரும்பி வந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கிறது. வண்டி வந்ததும் டோர் பேடை அவனே கழற்றுகிறான். வேலை முடிந்து நான் அதைக் கையில் எடுத்தால், "வையி, நான் பாத்துக்கிடுதேன்" என்று வாங்கிக்கொள்கிறான். மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு கதவுக்குள்ளும் கையை விட்டு, அடிவரைக்கும் ஒரு தடவை துழாவிப் பார்க்கிறான். அந்த நேரத்தில் நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று பெயிண்ட் கலக்கிக்கொண்டிருக்கிறேன்.